மண்டையில ஏறுமா

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பெற்றுவிட்ட ஒரு பெண்ணுக்கு மேலே படிக்க ஆசை வந்தால், அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஆசை கிடையாது. “இனிமே மண்டையில ஏறுமாக்கா?” என்ற கேள்விதான் வரும். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தடுத்து வந்துவிடும்: “படிச்சதெல்லாம் மறந்து போச்சு”, “பேனா புடிச்சே எத்தன காலமாச்சு”, “சின்னப் புள்ளைங்களோட போய் உக்காந்தா சிரிக்க மாட்டாங்களா”. இவ்வளவையும் சொல்லிவிட்டு எழுந்து போகமாட்டாள். உட்கார்ந்தே இருப்பாள். கைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டச் சான்றிதழ் வரைக்கும் வரிசையாக அடுக்கி எடுத்து வந்திருப்பாள். மண்டையில் ஏறாது என்று நம்புகிறவள் எதற்கு மாற்றுச் சான்றிதழுக்கு மூன்று நகல் எடுத்து வருகிறாள்?

கூத்தாநல்லூரை ஒட்டிய லெட்சுமாங்குடியில் என் தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவதும் உண்டு. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு நான் எம்.ஏ. தமிழ் படித்தேன் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் சேர்க்கைக் காலத்தில் இப்படி வருகிற பெண்களை “அக்காகிட்ட பேசுங்க” என்று என் பக்கம் தள்ளிவிட்டு, அவன் ஆதார் அட்டைகளை லேமினேட் பண்ணப் போய்விடுவான். கடையின் பின்பக்கத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து இவர்கள் பேச்சைக் கேட்டதில் எனக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருக்கிறது. மண்டையில் ஏறுமா என்பது போலிச் சந்தேகம். ‘எனக்குப் படிக்கணும்’ என்று வெளிப்படையாகச் சொல்ல இடமில்லாத வீட்டில், மரியாதைக்காகச் சொல்லப்படுகிற வாசகம் அது. அதற்கு அடியில் இருக்கும் அசல் சந்தேகம் வேறு: இந்த வயதில், இந்தக் காசில், இந்த நேரத்தில் எனக்குப் பாத்தியதை உண்டா?

தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் போலிச் சந்தேகத்தைத்தான் அடித்து நொறுக்குகிறார்கள். ‘உன்னால் முடியும்’ என்கிறார்கள். முடியும் என்பது அவளுக்கே தெரியும். ஒரு மாமியாரின் சர்க்கரை மாத்திரை, மூன்று பிள்ளைகளின் பரீட்சை அட்டவணை, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தின் வரவு செலவு, வீட்டு வேலைக்கு வந்த கொத்தனாரின் கூலி பாக்கி என்று இத்தனையையும் நோட்டுப் புத்தகம் இல்லாமல் தலையில் வைத்திருப்பவள், ஒரு செமஸ்டருக்கு ஐந்து தாளை வைத்துக்கொள்ள முடியாதவளா?

கூத்தாநல்லூரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. திருவாரூர்–மன்னார்குடி சாலையில், சுற்றிலும் நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர். முஸ்லிம்கள் பெரும்பான்மை. ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பெயர் எடுத்த ஊர். மலாயா, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று தலைமுறை தலைமுறையாக ஆண்கள் போனார்கள். இங்கே மன்ப உல் உலா பள்ளியில் படித்து முடித்த கையோடு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டவர்கள் எங்கள் அத்தா காலத்தில் ஏராளம். அவர்கள் அனுப்பிய பணத்தில் பெரிய பெரிய வீடுகள் எழுந்தன. உயரமான தூண், வழுவழுப்பான தரை, விருந்துக்கு நூறு பேர் உட்காரும் கூடம். அத்தனை பெரிய வீட்டில் ஒரு பெண் உட்கார்ந்து எழுத ஒரு மேஜை இருக்காது. பிள்ளைகளுக்கு இருக்கும். அது காலியாகும் நேரம் இரவு பதினொரு மணி.

பெண்களைப் படிக்க வைக்காத ஊர் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். வரைக்கும் தாராளமாகப் படிக்க வைக்கிறார்கள். 2020-ல் ஊரிலேயே அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி வந்த பிறகு அதற்கான தயக்கம் இன்னும் குறைந்தது. ஆனால் பட்டம் என்பது கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. போட்டாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. இதை ஊர் வழக்கம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. அரசாங்கமே அப்படித்தான் கணக்குப் போட்டது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில், 2011 முதல் பத்தாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாய், பட்டமோ பட்டயமோ பெற்றவளுக்கு 50,000 ரூபாய், கூடவே தாலிக்குத் தங்கம். பட்டம் படித்தால் கல்யாணத்துக்கு இரண்டு மடங்கு! நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. அந்தத் தொகைக்காகவே ப்ளஸ் டூவுக்கு அப்புறம் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டம் எதற்கு என்ற கேள்விக்கு அரசாங்கமும் எங்கள் மாமிமார்களும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2022-ல் அந்தத் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்குக் கொடுத்த காசு படிப்புக்கு என்றானது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்த பெண்ணுக்கு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். இராமாமிர்தம் அம்மையாரே பள்ளிக்கூடம் போய் முறையாகப் படித்தவர் கிடையாது. தேவதாசி முறைக்கு எதிராக நாவல் எழுதினார். அவர் பெயர் கல்யாண மண்டபத்தை விட்டு வகுப்பறைக்கு வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். ஆனால் திட்டம் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. எம்.ஏ.வுக்குக் கிடையாது. நடுவில் நிறுத்திவிட்டுப் பிறகு திரும்பி வருகிறவளைப் பற்றி அதில் நினைப்பே இல்லை.

நிற்க. விண்ணப்பம் போடும்போது நடப்பதைச் சொல்ல வேண்டும்.

இணையத்தில் விண்ணப்பம் தொடங்கினால் முதலில் கைபேசி எண் கேட்கும். எண்ணைத் தட்டியதும் ஓடிபி வரும். எங்கள் ஊரில் பல பெண்களின் ஆதாரோடு இணைந்திருப்பது அவர்கள் கையில் இருக்கும் போனின் எண் இல்லை, வீட்டுக்காரர் எண். அந்த சிம் ரோமிங்கில் சிங்கப்பூரில் இருக்கும். வீட்டில் யாருக்கும் சொல்லாமல், பிள்ளையின் நோட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவள், ஆதார் தகவலைச் சரிபார்க்க வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்வாள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் மாலை ஏழு மணிக்கு இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே இரவு ஒன்பதரைக்கு ஓர் ஆள் டார்மிட்டரிக் கட்டிலில் படுத்தபடி, ‘இது எதுக்கு வந்திருக்கு’ என்று போனைப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் அந்த ஓடிபி செல்லாமல் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவள் போன் போட்டாக வேண்டும், எம்.ஏ. என்ற வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். எத்தனை மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாலும் இப்படி ஒரு ஜெராக்ஸ் கடையில், பக்கத்தில் நாலு பேர் நிற்க, கழுத்தைப் பிடித்துத் தள்ளினாற்போல அது வெளியே வரும்.

ஒருத்தி பேசியது அப்படியே நினைவிருக்கிறது. “ஒங்களுக்கு ஒரு நம்பர் வந்துருக்கும், அதச் சொல்லுங்க… இல்லங்க, பேங்க் இல்ல… படிக்கிறதுக்குங்க… ஆமா, நாந்தான்.” அந்தக் கடைசி ‘நாந்தான்’ சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு எண்ணைச் சொன்னார் போல. அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, தம்பி தட்டினான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு முறை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை அவரே முந்திக்கொண்டு அழைத்து எண்ணைச் சொன்னார். எல்லோர் வீட்டிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். போனை வைத்துவிட்டுச் சான்றிதழ்களைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

அதற்கடுத்த முட்டு, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அத்தா பெயரின் முதலெழுத்து. ஆதாரில் கணவர் பெயர் முழுசாக. பல்கலைக்கழகப் பட்டத்தில் ‘பேகம்’ விட்டுப் போயிருக்கும். சாதிச் சான்றிதழில் ‘பீவி’ சேர்ந்திருக்கும். 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு வந்த பிறகு எடுத்த புதுச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல். ஒரே பெண் நான்கு காகிதத்தில் நான்கு ஆளாக இருப்பாள். இந்த நால்வரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க அலைந்தே பாதிப் பேர் களைத்துவிடுகிறார்கள். அப்புறம் யாராவது கேட்டால், “வேணாங்க்கா, எனக்கு இனிமே ஏறாது” என்பார்கள்.

இவற்றையெல்லாம் தாண்டினால் சில கல்லூரிகளில் ‘கேப் சர்டிபிகேட்’ கேட்பார்கள். படிப்பு விட்டுப்போன வருடங்களில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நோட்டரி முன்னிலையில், முத்திரைத்தாளில், பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை, என் மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்றும் அதில் இருக்கும். எனக்கு அதைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் பெரியவர். கோர்ட்டு வாசலில் பல காலமாக இருப்பவர். ஏற்கெனவே அடித்து வைத்திருந்த வாசகத்தில் வருடங்களை மட்டும் மாற்றினார். நடுவில் ஒரு வரி: மேற்படி காலத்தில் வேலை எதுவும் இன்றி வீட்டில் இருந்து வந்தேன். அந்த வருடங்களில்தான் என் மாமி படுக்கையில் விழுந்தார், என் இரண்டாவது பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்தது, வீட்டின் மேல்மாடி கட்டி முடிந்தது. “இத மாத்தலாமா?” என்று கேட்டேன். “மாத்துனா அவங்க ஏத்துக்க மாட்டாங்கம்மா, இதுதான் ஃபார்மட்” என்றார். கையெழுத்துப் போட்டேன். சந்தேகம் மனசிலிருந்து மட்டும் வருவதில்லை, முத்திரைத்தாளிலிருந்தும் வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு மேதையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். காவிரிக்கரையில் மேதைகளுக்குப் பஞ்சமில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. எழுதி அதிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. ‘அவரே தோற்றார், நீ ஏன் கவலைப்படுகிறாய்’ என்று சொல்லி நம்மைத் தேற்றுவார்கள். எனக்கு இந்த ஆறுதல் ஒப்பாது. வேலை முடித்து வந்து துணி மடித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ராமானுஜனைக் காட்டுவது, ‘அவ்வளவு பெரிய ஆளாக இருந்தால் படி, இல்லாவிட்டால் வேண்டாம்’ என்று சொல்வதற்குச் சமம்.

அந்தக் கதையில் எனக்கு வேண்டியது அடுத்த வருடம் நடந்தது. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இரண்டு வருடத்துக்கு. பட்டம் இல்லாத ஆளுக்கு அப்படிக் கொடுக்க விதியில் இடமில்லை. பேசினார்கள், வாதாடினார்கள், விதியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொடுத்தார்கள். துறைமுக வேலையை விட்டுவிட்டு, இருபத்தைந்து வயதில், கல்யாணமானவர், மறுபடி படிப்புக்குப் போனார். 1916-ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிக்காக பி.ஏ. கிடைத்தது. ராமானுஜனுக்குத் தன் கணக்கின் மேல் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. தன் நிலைமையின் மேல்தான் இருந்தது. அதைத் தீர்த்தது யாரும் செய்த உபதேசம் இல்லை, மாதம் 75 ரூபாய்.

மேதை இல்லாதவர்களைப் பற்றிப் பேசலாம். எங்களுக்குப் பக்கத்து நாகூரில் 1917-ல் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இளம் வயதிலேயே கணவரை இழந்தார். வீட்டுக்குள் இருந்துகொண்டே படித்து, 1938-ல் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு உ.வே.சாமிநாதையர் பாராட்டி எழுதிக்கொடுத்தார். அந்த உ.வே.சா.வும் பட்டம் வாங்கிவிட்டுக் கும்பகோணம் கல்லூரிக்கு வேலைக்குப் போனவர் கிடையாது; 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். மூன்றாம் வகுப்பு ஒருபுறம், பட்டம் இல்லாத பேராசிரியர் மறுபுறம். இந்த இரண்டு பேருக்கு நடுவில் ஒரு நாவல் கைமாறியிருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் இந்தத் தகவலை நான் சொன்னபோது என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் நம்பவில்லை. எங்கள் பாடத்தில் சித்தி ஜுனைதா பெயர் இல்லை.

துவரங்குறிச்சி சல்மாவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நின்றது. 2004-ல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தது. இப்போது அவரைப் பற்றி பிஎச்.டி. ஆய்வேடுகள் எழுதுகிறார்கள். அந்த ஆய்வேட்டை எழுதுகிறவள் எங்களில் ஒருத்தியாக இருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிஎச்.டி.க்குப் போகும் பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும் 240 நாள் பேறுகால விடுப்பும் விதியிலேயே இருக்கிறது. இதைச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் கண்ணை விரித்துப் பார்க்கிறார்கள்.

வயது விஷயத்தில் விதிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதையும் சொல்ல வேண்டும். எம்.ஏ.வில் சேர மேல் வரம்பு வயது பெரும்பாலும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் கிடையாது. ஆனால் அதே தேர்வில், அதே கேள்வித்தாளில், ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் வேண்டுமென்றால் 30 வயதுக்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு. அதாவது, எந்த வயதிலும் பாடம் நடத்தலாம், காசு மட்டும் முப்பத்தைந்துக்கு மேல் கிடையாது. முப்பத்தைந்தில் எங்கள் ஊர்ப் பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? மூத்தவளின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கண் விழித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது நாற்பதில்.

தொலைநிலைக் கல்வியும் இப்படி ஒரு சந்தேகத்தை விதைத்துவிட்டுப் போயிருக்கிறது. பத்தாவது, ப்ளஸ் டூ, இளங்கலை எதுவும் இல்லாமல் நேராக எம்.ஏ. வாங்கலாம் என்று ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாங்கினார்கள்! 2009-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட முதுகலைப் பட்டத்தை ஏற்கவில்லை. அதே வருடம் அரசாணை 107 வந்தது. அடிப்படைப் படிப்புகளை முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்றது. சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதன் நிழல் எல்லார் மேலும் விழுந்துவிட்டது. ஒழுங்காகப் பன்னிரண்டும் மூன்றும் முடித்துவிட்டு அஞ்சலில் எம்.ஏ. படித்தவளையும், “கரஸ்தானே? செல்லாதாமே?” என்று கேட்டுச் சாகடித்தார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கிய பட்டமும் நேரில் படித்த பட்டமும் ஒன்றே என்று யுஜிசி 2022-ல் தெளிவாக அறிவித்த பிறகும், எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் அந்தக் கேள்வி ஓயவில்லை.

படிப்புக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயப்படும் அளவுக்கு அங்கே ஒன்றுமில்லை. தொல்காப்பியம் கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் வாரம் அவர்கள் என்னை மேடம் என்றார்கள். இரண்டாம் வாரம் அக்கா. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குப் பிறகு, “அக்கா, நோட்ஸ் எடுத்தீங்கல்ல, ஃபோட்டோ அனுப்புங்களேன்” என்றார்கள். மருதத்திணை நடத்த வந்த இளம் ஆசிரியர் தருமபுரிப் பக்கத்துக்காரர். வயலில் தண்ணீர் கட்டி நிற்பதைப் பற்றிக் கேட்டபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டில் யாரும் விவசாயம் செய்ததில்லை. ஆனால் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் எத்தனையாவது நாள் எங்கள் வாய்க்காலுக்கு வரும், குறுவை எப்போது அறுப்பு, சம்பா நாற்று என்ன பச்சை என்று பஸ் ஜன்னலிலேயே தெரிந்துகொண்ட அளவுக்குச் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

உண்மையிலேயே கஷ்டப்பட்டது கைதான். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதிப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரத்திலேயே கட்டைவிரல் அடியில் வலி பிடிக்கும்; எழுத்து சாய்ந்து, வரி கீழே இறங்கும். நடுவிரலில் பேனா அழுந்தும் இடத்தில் பள்ளிக்கூடக் காலத்தில் இருந்த காய்ப்பு எப்போதோ மறைந்திருந்தது. இரண்டாம் செமஸ்டரில் அது திரும்ப வந்தது. அதற்காக நான் செய்ததெல்லாம், மளிகைக் கணக்கைப் போனில் போடுவதை விட்டுவிட்டுத் தினமும் இரண்டு பக்கம் கையால் எழுதியதுதான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் சேர்கிறவர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன்: அங்கே ஒப்படைப்புகளையும் பெரும்பாலும் கையால்தான் எழுத வேண்டியிருக்கும், அதுவே பரீட்சைக்கு நல்ல பயிற்சி. எம்.ஏ.வை இரண்டு வருடத்தில் முடிக்கலாம், முடியாவிட்டால் நான்கு வருடம் வரை எடுத்துக்கொள்ளலாம். நான்கு வருடம் எடுத்துக்கொள்வது தோல்வி இல்லை; அதற்காகத்தான் நான்கு வருடம் வைத்திருக்கிறார்கள்.

என் மாமி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு, முதல் பரீட்சை அன்று காலையில் கேட்டார்: “பரீட்ச எத்தன மணிக்குப் புள்ள?” “பத்து மணிக்கு மாமி.” “அப்ப ஒன்பதரைக்கு அங்க இருக்கணுமே, சோத்த நான் பாத்துக்குறேன், கெளம்பு.” இதற்கு முன்னால் அவர் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனம் மாறியது ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்குப் படிக்க ஆசை இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

ஆண்களை விட்டுவிட்டேன் என்று சொல்வார்கள். இருபத்தைந்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களில் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பி கடைக்கு அப்படி ஒருவர் வருவார். அங்கே கடைக் கணக்குப் பார்த்தவர், ஓய்வு நேரத்தில் நூலகத்தில் வரலாற்றுப் புத்தகமாகப் படித்தவர். எம்.ஏ. வரலாறு சேர வேண்டும் என்பார். விண்ணப்பத்தை எடுத்து வைத்தால், “அடுத்த வருஷம் பாப்பம்” என்பார். அவர் மண்டையில் ஏறுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “சம்பாதிக்காம படிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்னு பேசுவாங்க தங்கச்சி” என்றார். பெண்ணுக்கு நேரத்தில் பாத்தியதை இல்லை, ஆணுக்குச் சும்மா உட்காரப் பாத்தியதை இல்லை. இரண்டுமே ஊர் போட்ட கணக்கு.

இந்தக் கணக்கை ஊரே சேர்ந்து மாற்றியதும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991-ல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது நாற்பது வயதுப் பெண்கள் சிலேட்டைப் பிடித்தார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ‘இந்த வயசுல எதுக்கு’ என்று ஒருத்தியைத் தனியாகப் பிடித்துக் கேட்க முடியவில்லை, ஏனென்றால் தெருவே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. மேல்படிப்புக்கு அப்படி ஒரு அலை வரவில்லை. திரும்பி வருகிற ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வருகிறாள். ஒரே மாலையில் இரண்டு பேர் வந்துவிட்டால் நான் வேண்டுமென்றே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவேன். நான் பேசுவதைவிட அது வேலை செய்கிறது.

“படிச்சு என்ன பண்ணப் போற?” என்பதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. வேலை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கௌரவ விரிவுரையாளர்கள் படும் பாட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் பாருங்கள், மேல்மாடி கட்டும்போது ‘கட்டி என்ன பண்ணப் போற’ என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. அதில் இன்றுவரை யாரும் குடியிருக்கவில்லை.

அரசுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தை முதுகலைக்கும் நீட்டுங்கள். இடையில் நின்று திரும்பி வருகிறவளுக்கும் அதில் இடம் கொடுங்கள். இடைவெளிக்கான பிரமாணப் பத்திரத்தை எடுத்துவிடுங்கள். யாருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை. ஊரில் இருக்கும் மகளிர் கல்லூரியில் மாலை நேர முதுகலை வகுப்பு ஒன்று நடந்தால், மேஜை இல்லாத வீட்டுப் பெண்களுக்கு ஒரு மேஜை கிடைக்கும். 2009-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூரை அடுத்த நீலக்குடியில் இருக்கிறது. வெளி மாநிலப் பிள்ளைகள் ரயிலேறி அங்கே படிக்க வருகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து கல்யாணமான ஒரு பெண் அங்கே போய் வர பஸ் நேரமும் வகுப்பு நேரமும் ஒத்துவர வேண்டும். அது கலெக்டர் ஆபீசில் தீர்க்கக்கூடிய காரியம்.

படிக்க நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்று. மத்தியப் பல்கலைக்கழக முதுகலைக்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை உண்டு. அதற்கெல்லாம் முன்னால், உங்கள் நான்கு சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆதாரில் உங்கள் கையில் இருக்கும் போன் எண்ணைப் பதிவு செய்யுங்கள். மே, ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் பிள்ளைகள் கூட்டம் நெரியும். அதற்கு முன்னால் போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.